ஜெனுஷா அழுவதை நிறுத்தினாள்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
10.11.2024

அன்புள்ள அருள் மச்சாளுக்கு,

நானும் பிள்ளையும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா, பேசாலையில் மழை பிடித்துவிட்டதா என்று அறிய விருப்பம்.

இத்தனை வருடமும் உங்களுக்கு எழுதியது உங்கள் தங்கச்சி. நான் அடியில் ஒரு வரி போடுவேன், அவ்வளவுதான். வீடியோவில் நீங்கள் இருவரும் கைகளாலேயே கதைத்துச் சிரிப்பீர்கள். எனக்கு அந்தக் கைப்பாஷை வராது, உங்களுக்குக் காது கேளாது. ஆகையால் இனி என்னுடைய கோணல் எழுத்தைத்தான் நீங்கள் வாசிக்க வேண்டும்.

வேதனைப்பட்டாளா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்றுதான் டொக்டர் சொன்னார். வேலைக்குப் போன வீட்டில் ஒரு வயோதிபருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. விழுந்தபோதே நினைவு போய்விட்டதாம்.

அடக்கப் பூசை குறையில்லாமல் நடந்தது. கோயில் நிறையச் சனம். அவள் பராமரித்த நோர்வேஜியக் கிழவர்கள் இரண்டு பேர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்கள். ஜெனுஷாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பெட்டியின்மேல் ஒரு பூ வைத்தாள். ஒரு குழப்படியும் செய்யவில்லை. ஒன்பது வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளை, தன்பாட்டில் ஏதோ விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

நான் திரும்ப பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டேன். முன்பு தாய்தான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவாள். இப்போது பள்ளிக்கூடமே டாக்சி பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறது. எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் செபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
வின்சென்ற்


பேசாலை
02.12.2024

அன்புள்ள தம்பி வின்சென்றுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பில் குறை ஒன்றுமில்லை. மழை பிடித்து, வீட்டுக்குள் ஒரு மூலை ஒழுகுகிறது. தையல் மெசினை நடுவுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் இடுப்பு நோவு எப்படி? பனிக்காலத்தில் அது கூடும் என்று ஜூலியா எழுதுவாள்.

கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ஜெனுஷா பூ வைத்த இடம் வந்ததும் அதற்கு அப்பால் போக முடியவில்லை. தம்பி, என்னால் வர முடியவில்லை. அதனால் கேட்கிறேன். என்ன பூ? என்ன நிறம்? யார் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றது? தாயின் முகத்தைப் பார்த்தாளா? பெட்டியை மூடும்போது என்ன செய்தாள்? அம்மா செத்துப்போனா என்று அவளுக்கு எந்தச் சொல்லால் சொன்னீர்கள்?

எழுதுவது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் எழுதுங்கள். நான் அங்கே நின்றதுபோல் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிள்ளைக்கு என்னுடைய முத்தம்.

அருள்நாயகி


ட்வெய்ட்டா
22.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

வரும் நத்தாருக்கு எங்கள் வாழ்த்துகள். நாங்கள் இருவரும் நலம். இடுப்பு நோவு பரவாயில்லை. கூரைக்கு ஓடு மாற்றச் சொல்லி ஆளைப் பிடியுங்கள், மழைக்குள் கிடந்து வருத்தம் தேடிக்கொள்ள வேண்டாம்.

பள்ளியில் கொஞ்சம் கரைச்சல். பள்ளி விடும் நேரத்தில் ஜெனுஷா கோட்டுகள் கொளுவும் இடத்துக்குக் கீழே சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்திவிடுகிறாள். ஒருவரையும் சப்பாத்துப் போட விடுகிறாள் இல்லை. கிட்டப் போனால் கத்துகிறாள். ரங்ஹில்ட் என்கிற உதவியாளரின் கையைக் கடித்துவிட்டாள். கடைசியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் டாக்சியில் வைக்க வேண்டியிருக்கிறது. நான் வீட்டு வாசலில் கதவைத் திறந்தால் முகமெல்லாம் வீங்கிப்போய் இருக்கும்.

என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் நடத்தையைப் பார்த்துத் திட்டம் எழுதிக்கொடுக்கும் ஆலோசகர் ஒருத்தி வந்திருந்தாள். பார்த்தால் எங்கடை தமிழ்ப் பிள்ளை. கம்சாயினி என்று பெயர். இங்கேயே பிறந்து, எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்தவள். கூட்டம் முடிந்ததும் தமிழில் விளங்கப்படுத்தினாள்.

"அண்ணா, இப்ப அவ கத்தினவுடனை நாலு பேர் சுத்தி நிண்டு கெஞ்சினம். அந்தக் கெஞ்சலே அவவுக்குப் பரிசு மாதிரி ஆயிட்டுது. கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது. சப்பாத்துப் போட விட்டா முந்திரிகைப்பழம் குடுப்பம். கத்தினா ஒண்டும் இல்லை."

"தாய் இல்லாததாலையோ இப்பிடி?" என்று நான் கேட்டேன்.

"இருக்கலாம் அண்ணா. வீட்டிலை அதைப் பற்றிக் கதைக்கிறனீங்களோ?"

"அவவுக்கு அதெல்லாம் விளங்காது" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

வேலைக்கு நேரமாகிறது. உடம்பைக் கவனியுங்கள்.

வின்சென்ற்


பேசாலை
14.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

புது வருடம் உங்கள் வீட்டுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தர வேண்டும். எனக்குச் சுகம்தான். கூரை மேய்ந்தாயிற்று.

பூவின் நிறத்தைக் கேட்டிருந்தேன். நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

அழும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற திட்டம் எனக்கு விளங்கவில்லை. நான் படித்தவள் இல்லை. திட்டம் எழுதிய அந்தப் பிள்ளை கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள். ஆனால் வாய் பேசாத பிள்ளைக்கு அழுகையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதையும் பார்க்காமல் விட்டால் அவள் வேறு எப்படித்தான் சொல்வாள்?

அவளுக்கு விளங்காது என்று கம்சாயினியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் விளங்கிக்கொண்டாள் என்று எழுதியிருந்தீர்கள். எது சரி தம்பி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவளை எனக்குக் காட்டுங்கள். கதைக்கத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தால் போதும்.

அன்புடன்
அருள்நாயகி


ட்வெய்ட்டா
05.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நல்ல செய்தி. ஜெனுஷா அழுவதை நிறுத்திவிட்டாள். இப்போது பள்ளி விட்டதும் காலை நீட்டிக்கொண்டு இருப்பாளாம். சப்பாத்தைப் போட்டுவிட்டால் எழும்பி டாக்சிக்கு நடந்து போகிறாள். கடி இல்லை, கத்தல் இல்லை. கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார்கள். டிசம்பரில் மலைபோல இருந்த கோடு ஜனவரி கடைசியில் தரையில் படுத்துவிட்டது. அதிபர் கை தட்டினார். கம்சாயினியையும் எல்லோரும் பாராட்டினார்கள்.

வீட்டிலும் சத்தம் இல்லை. முன்பு குளிர்ப்பெட்டிக்கும் யன்னலுக்கும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிவாள். இப்போது அதுவும் இல்லை. வைத்த இடத்தில் இருக்கிறாள். வளர்ந்துவிட்டாள் போல. கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், அது வளர்த்திக்காக இருக்கும்.

வீடியோ பிறகு பார்ப்போம். ஞாயிறும் எனக்குப் பஸ் ஓட்டம் போட்டிருக்கிறார்கள்.

வின்சென்ற்


ஒஸ்லோ
02.03.2025

அன்புள்ள அருள்நாயகி அன்ரிக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் கம்சாயினி. ஜெனுஷாவின் பள்ளிக்கு ஆலோசகராகப் போகிறவள். வின்சென்ற் அண்ணாவிடம் அனுமதி கேட்டு, அவர் தந்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனுஷாவுக்குத் திட்டம் எழுதியவள் நான். அது வெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். போன மாதம் வேறொரு பிள்ளைக்காக அந்த வகுப்பில் ஒரு நாள் முழுவதும் இருந்தேன். மதியம் ஜெனுஷா சாப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் இருந்தாள். மூடி இறுக்கம். முன்பு என்றால் ரங்ஹில்டின் கையைப் பிடித்து மூடியின்மேல் வைப்பாள். அன்று வைக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்தது, மற்றப் பிள்ளைகள் எழும்பினார்கள், அவளும் எழும்பினாள். சாப்பிடவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் சத்தம் போடவில்லை.

ரங்ஹில்டிடம் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். "இப்போது தண்ணீர்க் குழாயடிக்கும் என்னை இழுப்பதில்லை. ஊஞ்சலுக்கும் இழுப்பதில்லை. நான் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் கோடு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது" என்றார்.

அன்ரி, நாங்கள் கத்துவதை மட்டும் நிறுத்தப் பார்த்தோம். கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவள் படித்துவிட்டாள். அதனால் கேட்பதையே விட்டுவிட்டாள். ஒரு நடத்தையைப் பார்த்தால் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று எழுத வேண்டும் என்பதுதான் என் படிப்பு. நான் சப்பாத்துக்கு முந்தின ஐந்து நிமிடத்தை எழுதினேன். அதற்கு முன் அவளுடைய தாய் இறந்தது எனக்குத் தெரிந்திருந்தும் எழுதவில்லை. பிள்ளைக்கு விளங்காது என்று அண்ணா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பழைய திட்டத்தை நிறுத்திவிட்டேன். இப்போது அண்ணாவோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். அடக்கத்தன்று அவளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பராமரிப்பு வீட்டில் விட்டதையும், இன்றுவரை ஒன்றும் சொல்லாததையும் அவர் எனக்குச் சொன்னார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தாய் வருவாள் என்று அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஜூலியா அன்ரி எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லுவா என்று அண்ணா சொன்னார். பிள்ளைக்குச் சப்பாத்துப் போடும்போது அவ என்ன செய்வா? சாவைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டில் ஏதும் சொல்லோ சைகையோ இருந்ததா? தெரிந்தால் எழுதுங்கள்.

மரியாதையுடன்
கம்சாயினி


பேசாலை
23.03.2025

அன்புள்ள மகள் கம்சாயினிக்கு,

நல்லாயிரு பிள்ளை. உன்னுடைய தமிழில் பிழை பெரிதாக இல்லை.

சப்பாத்தைப் பற்றி. எங்கள் ஊரில் சப்பாத்துக்குள் தேள், பூரான் இருக்கும். போடுமுன் கவிழ்த்து நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டுவோம். பனிக்குள் போயும் ஜூலியா அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவள் தட்டும்போது ஜெனுஷா சிரிப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறேன். முதலில் இடது கால்.

சாவுக்கு எங்கள் இருவருக்கும் ஒரு சைகை இருந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டி, பிறகு மெதுவாகக் கவிழ்ப்பது. என்னுடைய பூனை செத்தபோது வீடியோவில் ஜூலியாவுக்கு அப்படித்தான் சொன்னேன். பிள்ளை அவளுடைய மடியில் இருந்தாள். ஜூலியா அவளுக்கும் செய்து காட்டினாள்.

பிழை விட்ட பிறகு நின்று திரும்பிப் பார்த்திருக்கிறாய். அதற்காக உன்னை நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்
அருள்நாயகி அன்ரி


பேசாலை
23.03.2025

தம்பி வின்சென்ற்,

சுகம் கேட்டு எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

என்ன பூ என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். வெள்ளைச் சட்டையோடு அவள் பெட்டிக்குக் கிட்ட நிற்பதை ஒவ்வொரு நாளும் மனதுக்குள் பார்த்துத்தான் நான் இருந்தேன். அப்படி ஒன்று நடக்கவேயில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதை ஜூலியாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் அப்பா கடலுக்குப் போய் வராதபோது எனக்கு எட்டு வயது, ஜூலியா கைக்குழந்தை. உடல் கரையொதுங்கியபோது என்னை வங்காலையில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காது கேளாத பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லி என்ன என்று விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தால் அம்மா வெள்ளைச் சேலையில் இருந்தா. அப்பா இல்லை. யாருடைய வாயைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு முதல் கிழமை நான் அப்பாவின் சுருட்டுக் கட்டைத் தண்ணீருக்குள் போட்டிருந்தேன். அதனால்தான் என்னோடு கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்று நினைத்தேன். இனிக் குழப்படி செய்யாமல் இருந்தால் வருவார் என்று நினைத்து அழாமல் இருந்தேன். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். சேமக்காலையில் ஒரு சிலுவையில் அவருடைய பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கும்வரை அப்படியே இருந்தேன்.

ஜெனுஷாவும் இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்ற மாதிரித்தான் எழுதியிருந்தீர்கள்.

அவளுக்குச் சொல்லுங்கள். விளங்குமா விளங்காதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.

அருள்நாயகி


பேசாலை
27.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஞாயிறு போய் ஒரு கிழமை. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால் பிந்துகிறதா, நீங்கள் எழுதவில்லையா தெரியவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன். கோபம் போய்விட்டது. பயம்தான் இருக்கிறது.

நீங்களும் பிள்ளையும் உயிரோடு சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போட்டாலும் போதும்.

அருள்நாயகி


ட்வெய்ட்டா
11.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் மேசையில் இருக்கின்றன. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுதினால் அது பொய்.

கம்சாயினி உங்கள் விலாசத்தைக் கேட்டபோது, அவள் எழுதினால் உங்களுக்கு உண்மை தெரியவரும் என்று தெரிந்தே கொடுத்தேன். என் கையால் எழுத வரவில்லை. அடக்கத்தன்று காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணினது உண்மை. பிறகு அவளைக் கொண்டுபோய் அந்தப் பராமரிப்பு வீட்டில் விட்டேன். அவள் பெட்டிக்கு முன்னால் நின்று கத்துவாள் என்று பயந்தேன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. அவளுக்குச் சொல்வதென்றால் நான் வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு வீட்டில் ஒரு ஆளாவது தாய் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அதுவும் எனக்கு ஒரு துணைபோல இருந்தது.

நீங்கள் எழுதிய சப்பாத்துத் தட்டலை ஏப்ரல் தொடக்கத்தில் கம்சாயினி செய்து பார்த்தாள். நானும் பள்ளியில் நின்றேன். ஜெனுஷா சுவரைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டியபடி இருந்தாள். கம்சாயினி இடது சப்பாத்தைக் கவிழ்த்து நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிள்ளை சிரித்தாள் மச்சாள். ஒக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே நிமிர்ந்து தட்டின ஆளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அந்தச் சிரிப்பு போனதை நான் கண்டேன். அதை எழுத எனக்குத் தமிழ் இல்லை.

கம்சாயினி சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணா, இனி நான் இதைச் செய்ய மாட்டன். இது ஏமாத்து. முதல்லை அவவுக்கு உண்மையைச் சொல்லோணும். அதைச் சொல்லாமல் நான் என்ன திட்டம் எழுதினாலும் அது அவவின்ரை வாயைப் பொத்துற திட்டம்தான்."

"நான் எப்பிடித் தங்கச்சி சொல்லுறது?"

"சின்னச் சொல்லாச் சொல்லுங்கோ. சுத்தி வளைக்காமல். நித்திரை, தூரம் போயிட்டா, கடவுளிட்டைப் போயிட்டா எண்டெல்லாம் வேண்டாம். அவ திரும்பவும் பாத்துக்கொண்டிருப்பா. நான் தள்ளி நிக்கிறன் அண்ணா. நீங்கள்தான் சொல்லோணும்."

உயிர்த்த ஞாயிறு கழிந்த சனிக்கிழமை சேமக்காலைக்குப் போனோம். பனி கரைந்து மண் ஈரமாக இருந்தது. இன்னும் கல் வைக்கவில்லை, ஒரு மரச் சிலுவைதான். கம்சாயினி மரங்களுக்கு அப்பால் நின்றாள். நான் மண்ணில் முழங்காலில் இருந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே, "அம்மா செத்துப் போனா. அம்மா இனி வரமாட்டா. நீ ஒரு பிழையும் செய்யேல்லை" என்றேன். நீங்கள் எழுதியபடி உள்ளங்கையை விரித்துக் காட்டிக் கவிழ்த்தேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். நான் திரும்பக் கவிழ்த்தேன். அவள் திரும்ப நிமிர்த்தினாள். இன்னும் ஒரு தடவை கவிழ்க்க எனக்குப் பலம் இல்லை. ஆனால் கவிழ்த்தேன். மூன்றாம் முறை அவள் தொடவில்லை. மண்ணில் படுத்துவிட்டாள். சட்டையெல்லாம் சேறு. ஒரு சத்தமும் இல்லை. நானும் பக்கத்தில் படுத்தேன். வழியில் போன ஒரு நோர்வேஜியப் பெண் தன்னுடைய நாயைப் பிடித்துக்கொண்டு வேறு பாதையால் போனாள்.

திங்கட்கிழமை பள்ளியில் திரும்பக் கத்தத் தொடங்கினாள். டிசம்பரை விடக் கூட. கூட்டம் வைத்தார்கள். நாலு மாத வேலை வீணாய்ப் போய்விட்டது என்று ஒரு ஆசிரியர் சொன்னார். கம்சாயினி நோர்வேஜியனில் மெதுவாகக் கேட்டாள்: "உங்களுடைய அம்மா செத்தால் நீங்கள் எப்போது அழுகையை நிறுத்துவீர்கள்? நாங்கள் கோடு கீறி வைக்கவா?" அவளுக்கு இதனால் வேலையில் கரைச்சல் வரலாம் என்று பிறகு ரங்ஹில்ட் சொன்னார்.

இப்போது ஒருவரும் அவளைத் தூக்குவதில்லை. அவள் கோட்டுகளுக்குக் கீழே இருந்து அழும்போது ஒரு ஆள் பக்கத்தில் நிலத்தில் இருக்க வேண்டும். கதைக்கத் தேவையில்லை. டாக்சியை நிறுத்திவிட்டார்கள். நான் காலை ஓட்டத்துக்கு மாறி, நானே போய்க் கூட்டிவருகிறேன். சில நாள் பள்ளி பூட்டும்வரை நானும் அவளோடு அங்கே இருப்பேன். அவள் யாருடைய கையையாவது பிடித்து இழுத்தால் அந்த ஆள் என்ன வேலையில் இருந்தாலும் எழும்பிப் போக வேண்டும், இதுதான் புதுத் திட்டம். போன வியாழக்கிழமை ரங்ஹில்டைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்திருக்கிறாள்.

பொய் எழுதியதற்கு மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

வின்சென்ற்


பேசாலை
01.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள், மெலிந்திருப்பீர்கள்.

பூ வைத்ததாக எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மற்றவை இருக்கின்றன. மன்னிப்பைப் பற்றி இனி நாங்கள் எழுத வேண்டாம். நீங்கள் மண்ணில் படுத்திருந்ததை நினைத்து இரண்டு நாள் மெசினில் இருக்கவில்லை.

விசாவுக்குப் போட்டிருந்தேன், உங்களுக்குச் சொல்லவில்லை. மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போகமாட்டேன் என்று நினைக்கிறார்களாம்.

கல் வைக்கப் போகிறீர்கள் போல இருக்கிறது. அதில் அவளுடைய பெயரைத் தமிழிலும் போடுங்கள். இன்னொன்று, உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது ஜூலியா என்று நீங்கள் எழுதவில்லை.

பிள்ளையின் தலையைத் தடவிவிடுங்கள்.

அருள்நாயகி


ட்வெய்ட்டா
22.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றுதான் பள்ளி விடுமுறை விட்டது. விசா மறுத்ததை வாசித்து மனம் உடைந்தேன். நீங்கள் வந்தால் அவளை உங்கள் மடியில் விட்டுவிட்டு நான் ஒரு நாள் முழுவதும் நித்திரை கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

கம்சாயினிக்கு ஓகஸ்டிலிருந்து வேறு இடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. புதிதாக வருபவருக்கு ஜெனுஷாவைப் பற்றி நீளமாக எழுதி வைத்திருக்கிறாள். வாசிப்பார்களா என்று தெரியாது என்றாள். கடைசி நாளில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, "நான் ஓகஸ்டிலை இஞ்சை வரமாட்டன். வேற பள்ளிக்கூடம் போறன். உன்னிலை கோவம் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நேற்றுக் காலமை கல் செதுக்கும் ஆளுக்கு ரெலிபோன் எடுத்தேன். நீங்கள் சொன்னபடி தமிழிலும் எழுத்து வேண்டும் என்றேன். எப்படி உச்சரிப்பது என்று அவர் கேட்டார். அதற்காகச் சத்தமாகச் சொன்னேன். ஜூலியா. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். ஒக்டோபருக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை மச்சாள். முன்பு அவள் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது நான் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவேன்.

அறைக்குள் இருந்த ஜெனுஷா ஓடிவந்தாள். என்னைக் கடந்து நேரே வாசலுக்குப் போனாள். பூட்டைத் திருப்பிக் கதவைத் திறந்தாள். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. மேல்மாடியைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். வெளியே போய் மின்தூக்கியின் கண்ணாடிக்குள்ளும் பார்த்தாள். நான் ரெலிபோனை வைத்துவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"இல்லைப் பிள்ளை. ஜூலியா அம்மா செத்துப் போனா. நான் அவவின்ரை பேரைத்தான் சொன்னனான்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டு நின்றேன். அவளுக்கு முன்னால் நான் ஒரு நாளும் அழுததில்லை. அவள் கிட்ட வந்து என்னுடைய வாயில் தன் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் கூடினால் ரேடியோவுக்கும் அப்படித்தான் செய்வாள். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டாள். நான் சத்தமாகவே அழுதேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசல் கதவு திறந்தபடி கிடந்தது. நான் சாத்தவில்லை. அவள்தான் போய்ச் சாத்தினாள், மெதுவாக. பூட்டையும் திருப்பினாள். சாத்தின கதவில் முதுகை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவளை நான் தூக்கவில்லை. நிறுத்து என்றும் சொல்லவில்லை.

கல் ஓகஸ்டில் வரும். வைக்கும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். அவள் என்ன செய்கிறாள் என்று உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

வெயிலுக்குள் திரியாதீர்கள்.

அன்புடன்
வின்சென்ற்